முடியரசை வீழ்த்தியோர் எடுத்த கோயில்கள்



1776ஆம் ஆண்டு யூலை மாதம் 9ஆம் நாள் மாலைப் பொழுதிலே, நியூயோர்க் நகரில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படைவீரர் முன்னிலையில் சுதந்திரப் பிரகடனம் உரத்த குரலில் வாசிக்கப்பட்டது. வாசித்து முடிந்த சிறிது நேரத்தில், வீரரும் நகரமாந்தரும் கலந்த கூட்டமொன்று போலிங் கிறீன் என்னும் சிறு பூங்காவை நோக்கி விரைந்தது. அங்கே இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் உருவச்சிலை, குதிரைமீது அமர்ந்த கோலத்தில், ஈயத்தால் வார்த்துப் பொன்முலாம் பூசப்பெற்றதாய் நின்றது. கயிறு கட்டி இழுத்து அதனை வீழ்த்தினர், துண்டு துண்டாக்கினர். ஈயத்தின் பெரும்பகுதி கனெற்றிக்கட் பகுதிக்கு ஏற்றிச் செல்லப்பட்டு, 42,000க்கு மேற்பட்ட துப்பாக்கிக் குண்டுகளாக வார்க்கப்பட்டது. மன்னரின் உருவத்தைக் கொண்டே மன்னரின் படையைச் சுட்ட கதை இது.

படைத்தலைவராயிருந்த ஜோர்ஜ் வாஷிங்டனுக்கு இச்செயல் உவப்பாயிருக்கவில்லை. மறுநாள் விடுத்த கட்டளையிலே, வீரரின் ஆர்வத்தை ஐயுறவில்லையென்று கூறி, ஆயினும் இது கலகம்போலத் தோற்றுகின்றது, ஒழுங்கற்ற செயல், இனி இத்தகையவற்றை உரிய அதிகாரிகளிடம் விட்டுவிடுக என்று கடிந்துகொண்டார். அம்மனிதரின் இயல்பை அறிவதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அப்பால் ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. அதே மக்களின் பேரப்பிள்ளைகள், தலைநகரிலே தங்கள் மக்கள்மன்றக் கட்டடத்தினுள் ஒரு சிலையை நிறுத்தினார்கள். ஹொறேஷியோ கிறீனோ என்னும் சிற்பி பளிங்கிற் செதுக்கி 1840ஆம் ஆண்டில் முடித்த அச்சிலை வாஷிங்டனுடையது. அவர் எவ்வாறு அமர்ந்திருக்கிறார்? இடுப்புக்கு மேல் ஆடையின்றி, காலில் பாதுகையணிந்து, ஒரு கை வானத்தைச் சுட்ட, மறு கை உறையிட்ட வாளை மக்களிடம் திருப்பி நீட்ட, அரியணையில் வீற்றிருக்கிறார். பண்டைக் கிரேக்கத்தில் பீடியாஸ் என்னும் சிற்பி ஒலிம்பியாவிலே சமைத்த சியூஸ் தேவனின் கோலம் அது. கண்டவர் சிலர் மெய்மறந்தனர். பலர் வாய்விட்டுச் சிரித்தனர். குளிக்கப் புறப்பட்டவர் துணியைத் தேடுகின்றாரென்று கேலி எழுந்தது. ஓரிரு ஆண்டுகளுள் சிலை வெளியே கொண்டுசெல்லப்பட்டு, வெயிலிலும் பனியிலும் நெடுங்காலம் கிடந்து, 1908ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தை அடைந்தது.

சிரித்தார்கள் என்பது உண்மை. ஆனால், சிற்பி கருதியதை அவர்கள் தள்ளிவிட்டார்களா? இல்லை. 1865ஆம் ஆண்டில், அதே கட்டடத்தின் பெருங்குவிமாடத்து உட்புறத்திலே, தரையிலிருந்து 180 அடி உயரத்தில், கொன்ஸ்தந்தீனோ புருமீடி என்னும் இத்தாலிய ஓவியர் ஈரச்சுதையில் ஓவியமொன்றைத் தீட்டி முடித்தார். அவர் முன்பு உரோமாபுரியிலே பாப்பரசருக்காகப் பணிபுரிந்தவர். ஓவியத்தின் பெயரே, வாஷிங்டன் தெய்வநிலை எய்துதல் என்பதாகும். ஊதாநிறப் போர்வையுடன் அவர் முகில்மேல் வீற்றிருக்கிறார். சுதந்திரத் தேவியும் வெற்றித் தேவியும் இருமருங்கும் அமர்ந்துள்ளனர். பழைய பதின்மூன்று மாநிலங்களும் பதின்மூன்று கன்னியராய்ச் சூழ்ந்துள்ளன. கீழ்வரிசையிலே நடப்பதுதான் இன்னும் வியப்பு. கடற்கடவுள் நெப்டியூன் பார்த்திருக்க, வீனஸ் அத்திலாந்திக் கடலடித் தந்திக்கம்பியை ஏந்தி நிற்கிறாள். வணிகக்கடவுள் மேர்க்குரி, சுதந்திரப் போருக்குப் பணம் திரட்டிய ரொபேட் மொறிஸ் என்பவரிடம் ஒரு பணப்பையை நீட்டுகிறான். இவ்வோவியத்தைப் பார்த்து இந்நாளில் யாரும் சிரிப்பதாகத் தெரியவில்லை. தெய்வமாக்குவது குற்றமன்று, அருகிலே கொண்டுவந்து தெய்வமாக்குவதுதான் குற்றம்போலும்!

மாந்தர் தெய்வமாவது தமிழ் கேட்போருக்குப் புதுமையன்று. களத்தில் வீழ்ந்த மறவனுக்குக் கல்லெடுத்து, நீர்ப்படுத்து, நட்டு, பெயர் பொறித்து, வாழ்த்திய முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறும். எனினும் நடுகல்லை நட்டவர், கல்லையும் தெய்வத்தையும் வழிபாட்டையும் தம் வாழ்வில் முன்பே உடையவர்கள். அமெரிக்காவின் நிலை வேறு. அரசமைப்பின் முதலாவது திருத்தம் 1791ஆம் ஆண்டிலே நிறைவேறியபோது, நாட்டுக்கென ஒரு சமயத்தை மத்திய சட்டமன்றம் நிறுவலாகாதென்பது விதியாயிற்று. முடியும் இல்லை, நாட்டுச் சமயமும் இல்லை. பல நாடுகளிலிருந்து வந்தேறிய மக்கள், பல சபையினர், எதனை முன்வைத்து ஒரே மக்களெனத் தம்மை உணர்வது?

இவ்வினாவைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ முன்னரே எழுப்பியிருந்தார். 1762ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய சமுதாய ஒப்பந்தம் என்னும் நூலின் இறுதிப் பகுதியில், குடிமைச் சமயம் என்றொரு கருத்து வருகின்றது. கடவுள் உண்டு, மறுமை உண்டு, நல்லோர் வாழ்வர், தீயோர் தண்டம் பெறுவர், ஒப்பந்தமும் சட்டமும் புனிதமானவை. பிற சமயத்தாரைப் பொறாமை மட்டும் விலக்கப்பட வேண்டும். இத்துணைச் சில கோட்பாடுகளே ஓர் அரசுக்குப் போதுமென்றார். இரு நூற்றாண்டுகளின் பின், 1967ஆம் ஆண்டில், றொபேட் பெல்லா என்னும் சமூகவியலறிஞர் இச்சொல்லை எடுத்தாண்டு, அமெரிக்காவிலே கிறித்தவ சபைகளுக்கு அருகே, அவற்றோடு கலவாமல், தனக்கென நூல்களும் திருநாள்களும் தியாகிகளும் திருத்தலங்களும் உடைய குடிமைச் சமயம் ஒன்று நிலவுகின்றதென எழுதினார். வியட்நாம் போர் நடந்த காலத்தில் எழுதினாரென்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அச்சமயத்தின் பெயரால் நாடு தன்னைத்தானே வணங்குவதும் கூடும், தன்னைத்தானே தீர்ப்புக்கு உட்படுத்துவதும் கூடும் என்பதே அவருடைய கவலை.

வணங்கப்பட்டவரின் கூட்டாளிகளுக்கே இவ்வழிபாடு எரிச்சலை ஊட்டியது. ஜோன் அடம்ஸ் 1790ஆம் ஆண்டிலே தம் நண்பர் பெஞ்சமின் றஷ் என்பவருக்கு எழுதிய கடிதமொன்றில், வருங்கால வரலாறு எப்படி எழுதப்படுமென்று நையாண்டியாகச் சொல்லியிருக்கிறார்: பிராங்கிளின் தம் இடிதாங்கிக் கோலால் நிலத்தைத் தட்டினார், உடனே வாஷிங்டன் வெளிப்பட்டார், அவ்விருவருமே எல்லாவற்றையும் செய்து முடித்தனர் என்று! பொறாமை கலந்த சொல்தான். ஆயினும் அடம்ஸின் கணிப்புப் பொய்க்கவில்லை. வீம்ஸ் என்னும் போதகர், நூல் விற்பனையும் செய்தவர், 1800ஆம் ஆண்டில் வாஷிங்டனின் வாழ்க்கைக் கதையை வெளியிட்டார். சிறுவன் வாஷிங்டன் செரிமரத்தை வெட்டிவிட்டு, பொய் சொல்ல மாட்டேனென்று தந்தையிடம் ஒப்புக்கொண்ட கதையை நம்மிற் பலரும் பள்ளிக்கூடத்திலே படித்திருப்போம். அக்கதை 1806ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் முதன்முதல் தலைகாட்டுகின்றது. உண்மை பேசும் பண்பைப் போதிக்க ஒரு புனைகதை! அடம்ஸுக்கும் புராணத்தில் இடம் கிடையாமற் போகவில்லை. 1826ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள், பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவன்று, அவரும் தோமஸ் ஜெபர்சனும் சில மணி நேர இடைவெளியில் உயிர்நீத்தனர். அதனைத் தெய்வச்செயலென்றே மக்கள் கொண்டனர்.

குடிமைச் சமயத்திற்குத் திருநூலும் வேண்டுமன்றோ? சுதந்திரப் பிரகடனத்தின் மூலப்பிரதியை 1924ஆம் ஆண்டில் காங்கிரஸ் நூலகத்திலே காட்சிக்கு வைத்தபோது, அவ்விடத்தைத் திருத்தலம் என்ற சொல்லாலேயே குறித்தனர். பின்னர், 1952ஆம் ஆண்டு திசெம்பர் 13ஆம் நாள், அப்பிரதியும் அரசமைப்பின் பிரதியும் தேசிய ஆவணக்காப்பகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. பெட்டகங்கள் கவசவண்டியில் ஏற்றப்பட்டன, தாங்கிகள் துணைவந்தன, வீரர்கள் வீதியின் இருமருங்கும் நின்றனர், வாத்தியம் முழங்கிற்று. நம் ஊரில் உற்சவமூர்த்தி வெளிவீதி வருங்கால் நிகழ்வதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் எனக்கு எழாமலில்லை. பள்ளியறை வழக்கம்கூட இருந்தது. ஒவ்வொரு நாளும் மாலையிற் காட்சி முடிந்தபின், அவை மின்பொறியால் நிலத்தடியிலுள்ள எஃகுப் பெட்டகத்துள் இறக்கப்பட்டு வந்தன.

இதுவரை கூறியவற்றைக் கேட்டு நாம் புன்னகைத்துக் கடந்துவிடலாம். ஆனால் விடயம் புன்னகையோடு முடிவதன்று. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று அந்தத் திருநூல் கூறுகின்றது. அதனை வரைந்த ஜெபர்சன் தம் வாழ்நாளில் அறுநூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டவர். வாஷிங்டனின் மவுண்ட் வேர்னன் பண்ணையிலே, அவர் இறந்த 1799ஆம் ஆண்டில், 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் 123 பேர் அவருக்கே உரியவர். இவர்களைத் தம் மனைவியின் காலத்தின்பின் விடுதலை செய்யுமாறு இறுதிமுறியில் எழுதிவைத்தார். மனைவியார் அதுவரை காத்திராமல் 1801ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே விடுவித்தார். எஞ்சியோரிற் பெரும்பாலோர் மனைவியாரின் முதற் கணவருடைய சொத்துரிமையைச் சார்ந்தவராதலால், அவர்களுக்கு விடுதலை கிட்டவில்லை. இரு பிரிவாரும் தம்முள் மணஞ்செய்திருந்தனர். ஆகவே, விடுதலை வந்த நாளே குடும்பங்கள் பிரிந்த நாளுமாயிற்று.

தெய்வத்தின் முன் ஒருவன் என்ன செய்யலாம்? வணங்கலாம், அல்லது மறுக்கலாம். மூன்றாவது வழியொன்று உண்டெனக் காட்டியவர், அடிமையாகப் பிறந்து தப்பியோடி வந்து, அந்நாட்டின் தலைசிறந்த பேச்சாளருள் ஒருவராய் உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ். 1852ஆம் ஆண்டு யூலை 5ஆம் நாள் றொச்செஸ்ரர் நகரிலே அவர் பேசினார். சுதந்திரத்தை நிறுவியவர்களை வீரரென்றும் பெருமக்களென்றும் மனமாரப் புகழ்ந்தார். ஆனால் அவர்களைக் குறிக்கும் இடமெல்லாம் கூட்டத்தாரைப் பார்த்து, உங்கள் தந்தையர் என்றே கூறினார். எங்கள் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அந்த ஒரு சொல்லின் வேற்றுமையில் அவருடைய வழக்கு முழுவதும் அடங்கியிருந்தது.

டக்ளஸின் மற்றோர் உரையே என் உள்ளத்தை அதிகம் கவர்ந்தது. லிங்கன் சுடப்பட்டது 1865ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளிக்கிழமை இரவில். ஞாயிறன்று உயிர்த்தெழுந்த திருநாள். போதகர்கள் அன்று ஆற்றிய உரைகளிலே எந்த ஒப்புமை எழுந்திருக்குமென்று கூற வேண்டியதில்லை. நிறுவியோர் வரிசையில் அவரும் இரண்டாம் நிறுவுநராய்ச் சேர்ந்தார். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தம் சிறு சேமிப்பிலிருந்து பணம் திரட்டினர். சார்லட் ஸ்கொட் என்னும் பெண்மணி தம் உழைப்பில் ஈட்டிய ஐந்து டொலரை முதன்முதல் அளித்தார். அப்பணத்தாலேயே தலைநகரில் லிங்கனுக்கு ஒரு சிலை எழுந்தது. பணம் அவர்களுடையது, வடிவத்தைத் தீர்மானித்தவர்கள் வேறு. லிங்கன் நிமிர்ந்து நின்று கைநீட்ட, அறுந்த விலங்குடன் கறுப்பு மனிதன் அவர் காலடியில் மண்டியிட்டிருக்கும் கோலமாயிற்று அது.

1876ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், நாட்டின் தலைவர் கிராண்டும் உயர்நீதிபதிகளும் வீற்றிருக்க, டக்ளஸ் அச்சிலைத் திறப்புவிழாவிலே உரையாற்றினார். திரை விலகும் வேளையில் புகழுரையைத்தானே எவரும் எதிர்பார்ப்பர்? அவரோ, லிங்கன் முதன்மையாக வெள்ளையருடைய தலைவர் என்றார். நாங்கள் அவருக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் போன்றவர்களே என்றார். அடிமைத்தளையை ஒழிப்பதில் அவர் தயங்கிய தயக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். அடிமை ஒழிப்பாளரின் நோக்கில் அவர் மந்தமானவர், ஆனால் தம் நாட்டு மக்களின் மனநிலையை அளவுகோலாகக் கொண்டால் விரைவானவர், துணிவானவர் என்று முடிவில் நிறுத்தார். அதன்பின்னரே நன்றி கூறினார். நன்றியறிதல் என்னும் பண்பு உண்மையை விழுங்க வேண்டியதில்லையென்பதை இதனினும் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை. அச்சிலை தலைநகரிலே நிற்கின்றது. அதன் படியொன்று பொஸ்டன் நகரில் இருந்தது. மண்டியிட்ட அவ்வுருவத்தைப் பொறாத நகரமக்களின் வேண்டுகோளால் 2020ஆம் ஆண்டு திசெம்பரில் அகற்றப்பட்டது.

லிங்கனே இவ்வழிபாட்டைப்பற்றிச் சிந்தித்தவர். 1838ஆம் ஆண்டு சனவரியில், இருபத்தெட்டு வயது வழக்கறிஞராய் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே பேசியபோது, கும்பல்கள் சட்டத்தைக் கையிலெடுத்து மனிதரைக் கொன்ற கொடுமைகளைச் சுட்டி, சட்டத்தைப் போற்றுவதே நாட்டின் அரசியற் சமயமாக வேண்டுமென்றார். நிறுவியவர்களை நேரிற் கண்டோர் மறைந்து வருகின்றனர், அவர்கள் நினைவு மட்டும் இனிக் கட்டடத்தைத் தாங்காது என்பதே அவர் கவலை. போற்ற வேண்டியது மனிதரை அன்று, சட்டத்தை என்று சொன்னவருக்கே, 1922ஆம் ஆண்டில், 36 தூண்கள் சூழக் கிரேக்க ஆலயத்தின் அமைப்பில் மண்டபம் கட்டி, 19 அடி உயரப் பளிங்குருவை உள்ளே அமர்த்தினர். சிலையின் பின்னே பொறித்த வாசகத்திலும் ஆலயம் என்ற சொல்லே உள்ளது.

திறப்புவிழாவிலே டஸ்கீகி கல்லூரித் தலைவர் றொபேட் மோட்டன் பேசினார். அவருடைய உரை முன்கூட்டியே கத்தரிக்கப்பட்டிருந்தது. வந்திருந்த கறுப்பின விருந்தினர், கயிறு கட்டிப் பிரித்த ஒதுக்கிடத்தில் இருத்தப்பட்டனர். அடிமைத்தளையை ஒழித்தவரின் ஆலயத்திலே, திறந்த நாளிலேயே, தீண்டாமை! இதனைக் கேட்கும் நாம் அமெரிக்கரைமட்டும் நோக்கி விரல் நீட்டுதல் இயலாது. நம் கோயில் வாசல்களும் நமக்கு நினைவுண்டு.

ஆனால் ஆலயம் எழுப்பியவர் கருதியதொன்று, அதனைப் பயன்கொண்டவர் செய்ததொன்று. மரியன் அண்டர்சன் என்னும் பாடகியார் உலகப் புகழ்பெற்றவர், கறுப்பினத்தவர். சுதந்திரப் போர் வீரரின் வழித்தோன்றல்களான மகளிர் சங்கம் தலைநகரில் வைத்திருந்த மண்டபத்தில் அவர் பாட இடமளிக்கப்படவில்லை. எனவே 1939ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், உயிர்த்தெழுந்த திருநாளன்று, அவர் லிங்கன் மண்டபப் படிகளில் நின்று பாடினார். ஏறத்தாழ 75,000 பேர் திரண்டு கேட்டனர். அன்றுமுதல் அப்படிகள் முறையீட்டுக்குரிய இடமாயின. 1963ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் அங்கே நின்று, நிறுவியவர்கள் எழுதிவைத்தது ஒரு கடனுறுதிப் பத்திரம், அதன் பணத்தைப் பெறவே வந்துள்ளோம் என்ற கருத்தில் வாதிட்டார். டக்ளஸ் கூறிய உங்கள் தந்தையர், கிங்கின் உரையிலே எல்லோருக்கும் கடன்பட்ட தந்தையராயினர். வெறும் தெய்வமாயிருந்திருப்பின் அவர்களிடம் கடன் கேட்டிருக்க முடியாது. கையொப்பமிட்ட மனிதராயிருந்தமையாற் கேட்க முடிந்தது.

எல்லா இடத்தும் இவ்வழி திறக்கும் என்று நான் கூற வரவில்லை. தென் டகோட்டாவிலே, 1927 முதல் 1941 வரை, றஷ்மோர் மலையைக் குடைந்து நான்கு தலைவரின் முகங்களை, ஒவ்வொன்றும் 60 அடி உயரமாகச் செதுக்கினர். அம்மலையிருக்கும் கருங்குன்றங்கள் லக்கோட்டா மக்களுக்குப் புனித நிலம். 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவர்களுக்கென்றே உறுதிசெய்யப்பட்டுப் பின் பறிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் 1980ஆம் ஆண்டில் அப்பறிப்புக்கு நட்டஈடு வழங்கப்பட வேண்டுமெனத் தீர்த்தது. அம்மக்கள் பணத்தை ஏற்க மறுத்தனர், நிலத்தையே கேட்கின்றனர். ஒருவர் கோயிலை இடித்து இன்னொருவர் கோயில் எழுப்பிய கதைகள் உலகில் பல. இங்கே மலையே கோயிலாயிருந்தது.

பிற நாடுகளின் கதைகளை விரித்தற்கு நேரமில்லை. லெனின் 1924ஆம் ஆண்டில் இறந்தபோது, அவர் பெயரால் நினைவுச்சின்னமும் மாளிகையும் எழுப்பாதீர் என்று அவர் மனைவியார் வெளிப்படையாக வேண்டினார். மொஸ்கோவிலே கிடத்திய உடல் கிடந்தபடி உள்ளது. துருக்கியிலே ஒவ்வோராண்டும் நவம்பர் 10ஆம் நாள் காலை 9 மணி 5 நிமிடத்துக்கு, அத்தாதுர்க் உயிர்நீத்த அந்நேரத்தில், சங்கொலிக்க வீதியிற் செல்வோர் அப்படியே நின்றுவிடுகின்றனர்.

வாஷிங்டனுக்கும் தலைநகரிலே கல்லறை அமைத்திருந்தனர். குவிமாடத்தின் நேர்கீழே, நிலவறைக்கும் அடியில், அவர் உடலுக்கென ஓரிடம் கட்டப்பட்டது. 1832ஆம் ஆண்டு, அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, மக்கள்மன்றம் உடலைக் கேட்டது. மவுண்ட் வேர்னனை அப்போது உடைமையாகக் கொண்டிருந்த உறவினர், தம் சொந்த நிலத்திலேயே அடக்கஞ்செய்ய வேண்டுமென அவர் எழுதிவைத்தார் என்று கூறி மறுத்துவிட்டார். மேலே ஓவியத்தில் தெய்வமாய் வீற்றிருக்கிறார். கீழே அந்தக் கல்லறை வெறுமையாயிருக்கின்றது.

உடலோ பொற்றோமக் ஆற்றங்கரையிலே, செங்கல்லாற் கட்டிய எளிய கல்லறையில் உள்ளது. அவ்வழியே செல்லும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் மணியொலித்து மரியாதை செலுத்துவது மரபு. கல்லறையிலிருந்து தென்மேற்கே, ஏறத்தாழ ஐம்பது யார் தொலைவில், மரங்களடர்ந்த ஒரு மேட்டுநிலம் இருக்கின்றது. பண்ணையின் அடிமைகளைப் புதைத்த இடம் அது. 1929ஆம் ஆண்டில் அங்கே ஒரு சிறு கல் வைக்கப்பட்டது. பின்னர், ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர் வகுத்த வடிவில் 1983ஆம் ஆண்டில் நினைவுச்சின்னம் எழுந்தது. 2014ஆம் ஆண்டு முதல் தொல்லியலாளர் மேல்மண்ணைமட்டும் மெல்ல நீக்கி, எலும்புகளைத் தொடாமல், குழிகளின் எல்லையைக் குறித்து வருகின்றனர். எந்தக் குழியின்மேலும் பெயர் இல்லை. வாஷிங்டனின் கல்லறைக்கு மலர்வளையம் கொண்டுவருகின்றனர். மரங்களினூடே அம்மேட்டுக்கும் ஒரு பாதை செல்கின்றது. அங்கும் மலர்வளையம் வைக்கின்றனர்.